அக்கா கேட்டு வாங்கிய கேமரா

என் அக்கா சௌந்திரம் வாழ்நாளில் வாய் திறந்து கேட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கேமரா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு.

நாமகிரிப்பேட்டையில் எங்களுக்கு மஞ்சள் காடு இருந்தது. மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் சின்னராஜ் லீவுக்கு வரும்போது ஒரு பெட்டிக் கேமரா கொண்டுவந்தான். இரண்டே நாளில் அலுத்துப்போய் அதை அக்காவிடம் தூக்கிக் கொடுத்தான். அவள் மூன்று பிலிம் சுருளைத் தீர்த்துவிட்டாள். சேலத்தில் கழுவி வந்த படங்களில் மாடு நன்றாக இருந்தது, பனைமரம் நன்றாக இருந்தது. கிட்டே நின்ற ஆட்களின் முகம் மட்டும் கலங்கிக் கிடந்தது. எங்கள் அம்மாவுக்கு மூக்கே இல்லை. சின்னராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. ஏன் இப்படி ஆச்சு என்று அவனைத் துளைத்தெடுத்தாள். பெட்டிக் கேமராவில் லென்ஸ் கண்ணாடியை முன்பின் நகர்த்த முடியாது, கிட்டத்து முகம் தெளிவாக வேண்டுமானால் மடக்குக் கேமராதான் வாங்க வேண்டும் என்றான். மரமும் மாடும் யாருக்கு வேண்டும், அவளுக்கு முகம் வேண்டும். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தாள்.

அந்த வருஷம் மஞ்சள் நல்ல விலைக்குப் போனது. எங்கள் அய்யன், அதாவது அப்பா, அக்கா கேட்ட கேமராவை வாங்க எங்கள் இருவரையும் சேலத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு கேமராவை மேஜைமேல் வைத்தார். ஒன்று பெட்டி. இன்னொன்று ஜெர்மன் மடக்குக் கேமரா. விவரத்தையெல்லாம் அவர் அய்யனிடம் சொன்னார். அய்யன் புரியாமல் விழித்ததும் என்னிடம் சொன்னார். அக்கா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவளும் என் காதில்தான் பேசினாள்.

"நாலடியில ஆளு நின்னா மொகம் தெளிவா உழுமான்னு கேளு."

கேட்டேன். "தம்பி கெட்டிக்காரர்!" என்றார் கடைக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அய்யன் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "பொம்பளப் புள்ளைக்கு இது போதாதா சாமி?"

அக்கா தரையைப் பார்த்தபடி போதாது என்று தலையாட்டினாள். "வாங்குனா அதை வாங்குங்கய்யா. இல்லீன்னா ஒண்ணும் வேண்டாம்."

எனக்கும் அந்தப் பளபளப்பின்மேல் ஆசை. "அதையே வாங்குங்கய்யா" என்று ஒத்து ஊதினேன். என் வாயில் கொழுக்கட்டை வைத்து அடைத்திருக்கலாம்.

அய்யன் மடக்குக் கேமராவையே வாங்கித் தந்தார். அக்கா அதில் ஒரே ஒரு சுருள் எடுத்தாள், எட்டுப் படம். அம்மாவின் முகம் வந்தது. மூக்கு வந்தது, மூக்குத்தி வந்தது, மோவாயில் இருந்த மச்சம்கூட வந்தது. அம்மா அதைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையால் மூடினாள்.

தை மாசம் எடப்பாடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சென்னியப்பன், அவருடைய அம்மா பூவாத்தாள். பூவாத்தாளின் கண் அலமாரியில் இருந்த கேமராவுக்குப் போனது.

"அதென்னுங்க, படம் புடிக்கறதா? வெலை சாஸ்தியோ?"

"ஒரு கறவை மாட்டு வெலைங்க" என்று அய்யன் பீற்றிக்கொண்டார்.

"எங்க பையனுக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

"மாப்பிள்ளைக்குன்னுதானுங்க வாங்கி வெச்சிருக்கறேன்!"

பச்சைப் பொய். கதவுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக் கேமராவாக இருந்திருந்தால் பூவாத்தாள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அது அக்காவின் சேலைகளோடு சேலையாக எடப்பாடி போய்ச் சேர்ந்திருக்கும். பார்த்துப் பார்த்து நல்லதாகத் தேர்ந்தெடுத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு.

நான் அய்யனிடம் சண்டைக்குப் போனேன். "புருசங்கிட்ட இருந்தா அவகிட்ட இருக்கற மாதிரிதானே சாமி" என்றார். மனுஷன் அதை நிஜமாகவே நம்பினார், அவரை என்ன செய்வது? அக்கா அன்று சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்தில் கேமராவைத் திறந்து, சீர்த்தட்டில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே வைத்திருந்தார்கள். புதுச் சாமானாயிற்றே என்று யாரோ ஒரு புண்ணியவதி அதற்கும் பொட்டு வைத்திருந்தாள். சந்தனமும் குங்குமமும் சரியாக அந்தக் கண்ணாடியின்மேலேயே. மணவறையில் இருந்து அக்கா எழுந்து வர முடியுமா? எனக்குக் கண்ணைக் காட்டினாள். ஓடிப்போய் வேட்டி நுனியால் துடைத்தேன். "மங்களத்தைத் தொடைக்கறான் பாரு!" என்று ஒரு பெரியவர் என் கையில் ஒன்று வைத்து விரட்டினார். பாதிச் சந்தனம் அப்படியே நின்றுவிட்டது.

ஆடிக்கு அக்காவை அழைத்துவர எடப்பாடி போனேன். கேமரா பீரோவுக்குள் இருந்தது, சாவி பூவாத்தாளின் இடுப்பில். நான் போன அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மச்சான் சென்னியப்பன் கேமராவை எடுத்துக் காட்டினார். திறந்துவிட்டார், மூடத் தெரியவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு தாங்கிகளையும் சேர்த்து அமுக்கினால்தான் மூடி மடங்கும். அவர் மூடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, உங்க ஊட்டுல இருந்து வந்ததுதானே? எப்புடி மூடறது?"

அக்கா வாசற்படிக்கு வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பூவாத்தாள் முந்திக்கொண்டாள். "அவளுக்கென்னடா தெரியும்? உனக்குன்னு வாங்குன சாமான்!"

தெரியும் என்றால் அய்யனின் பொய் வெளுத்துவிடும். நாலு பேர் முன்னால் புருஷனுக்கும் தலையிறக்கம்.

"தெரியாதுங்க" என்றாள் அக்கா.

மூடிக் காட்டலாம் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று என்னைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன். மச்சான் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தாங்கி முறிந்து தரையில் விழுந்தது. விருந்தாளிகள் உச்சுக்கொட்டினார்கள்.

அக்கா அந்தத் துண்டைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எந்திரி சாமி, எலை போட்டாச்சு."

நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.