இடப்பக்கத்துப் போல்ட்டுகள்

ஒரு வெள்ளை பிக்கப்புக்கு ட்ரெயிலர் கொக்கி பூட்டிக் கொடுத்தேன். அதன் இடப்பக்கத்தில் இருப்பவை போல்ட்டுகள் அல்ல, வெறும் தலைகள். வெட்டியெடுத்து, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அலவத்துகொடையில் எனக்கொரு சிறு கராஜ் இருக்கிறது. எவரிடமும் தொழில் பழகியவன் அல்லன். கழற்றிப் பார்ப்பேன், உடைத்துப் பார்ப்பேன், 'இப்படிச் செய்தால் என்னவாகும்?' என்று கேட்டுக் கேட்டே கற்றேன். வந்துபோகிறவர்களின் பேச்சை மனதில் சேர்த்து வைப்பதும் அதே ஆசையால்தான்.

அப்படி நான் சேர்த்த பேச்சுகளில் ஒன்று ஃபளீல் நானாவுடையது. கலியாண வீடுகளுக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுப்பவர். சாமான் இழுக்க ட்ரெயிலர் வாங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, மனிசிக்கு அடுத்ததா இதத்தான் நம்பி ஈக்கிறேன். நல்லாப் பூட்டுங்க."

"மனிசிக்கிட்ட இதச் செல்லவா நானா?"

"செல்லுங்களே. அவக்கிட்ட கேட்டா நான் இந்தப் பிக்கப்புக்கும் பொறகுதான்."

கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை இரு பக்கமும் வண்டியின் அடிச்சட்டமான செசியோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வலப்பக்கம் இலகுவாக முடிந்தது. இடப்பக்கம் சைலன்சர் குறுக்கே நின்றது. அதைக் கழற்றினால்தான் ட்ரில் உள்ளே போகும்.

ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன். பொய். நேரம் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது... வெறும் வெல்டிங் இந்த மலைப்பாதைகளில் எவ்வளவு காலம் தாங்கும்? அறிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ட்ரெயிலர் இழுக்கும் வண்டி என்னிடம் இல்லை, அவருடையது இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த வேலையில் வெல்டிங்கை நம்பமாட்டார்கள். குனிந்து போல்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் சாவியை வாங்குவார்கள். இடப்பக்கச் சட்டத்தை வெறும் வெல்டிங்கில் ஒட்டிவிட்டு, அவர்கள் கண்ணுக்காக வைத்தவைதான் அந்தத் தலைகள். ஃபளீல் நானாவும் குனிந்து பார்த்தார். கொக்கியின்மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தார்.

"நீங்க பூட்டினா தம்பி, கபுறுக்குழி வரைக்கும் வரும்" என்றார்.

மறுவருடம் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவருடைய வண்டிக்கும் பூட்ட. தன் பிக்கப்பின் அடியைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசினார். நான் சுத்தியலோடு அதன் அடியில் நுழைந்தேன். தட்டினேன், காதுகொடுத்துக் கேட்டேன். தாங்கியிருந்தது! உங்களிடம் ஒப்புக்கொள்ளக் கடினமானது இதுதான்: எனக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம்.

பிறகுதான் வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கோட்டைக் கண்டேன். பெயின்டில் விழுந்த கீறலா, இரும்பில் விழுந்த வெடிப்பா? சுரண்டினால் தெரிந்துவிடும். எதையும் சுரண்டிப் பார்த்தே பிழைத்தவன் நான்... அன்று சுரண்டவில்லை.

"எப்பிடி ஈக்குது?" என்று கேட்டார் மச்சான்.

"நல்லா ஈக்குது" என்றேன்.

அவருடைய வண்டிக்கு மட்டும் சைலன்சரைக் கழற்றி, முறையாகத் துளையிட்டு, முழு போல்ட்டுகளைப் போட்டேன்.

சில மாதங்களில் ஃபளீல் நானா பிக்கப்பை விற்றுவிட்டார், ட்ரெயிலரையும் சேர்த்து. யாருக்கு என்று விசாரித்தேன்.

"குருநாகல் பக்கத்து புரோக்கர் ஒருத்தன் கொண்டுபோனான். அவன் யாருக்குக் குடுத்தானோ தெரியா. ஏன் தம்பி, என்ன விட உங்களுக்குத்தான் கவல போல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

"சும்மாதான் கேட்டேன் நானா."

இப்போது குருநாகல் போகும் வழியில், கலகெதர ஏற்றத்தில் ட்ரெயிலர் இழுத்துச் செல்லும் வெள்ளை பிக்கப்பைக் கண்டால், அடிப்பக்கம் தெரிகிறதா என்று பின்னாலேயே போகிறேன். ஆனால் நெருங்கிப் போவதில்லை. வெல்டிங் விட்டால் ட்ரெயிலர் பின்னோக்கித்தான் உருண்டு வரும்; நல்ல இடைவெளி விட்டுத்தான் போகிறேன். அந்த இடைவெளிக்குள் யாராவது மோட்டார் சைக்கிளில், பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு, என்னை முந்தி வந்து நுழைந்துவிடுகிறார்கள்.

நான் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.