லைசன்ஸ் வருமுன் விற்ற எண்ணெய்

என் வீட்டுக்காரரின் தோள் மூட்டு கழன்ற சத்தத்தை நான் கேட்டேன். கோழித் தொடையை முறிக்கும்போது வருமே, அதே சத்தம். காலை பத்தரை மணி. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்குள் ஆறு அதிகாரிகள் புகுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு பல மாதம் நான் கோழி சமைக்கவில்லை.

ஆனால் தப்பை ஆரம்பித்து வைத்தது நாங்கள்தான். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இவர் ஒரு சுற்றுலா பஸ்ஸில் தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் போனார். அங்கே ஹெம்ப் பயிரிடுகிற ஒருவரின் கடையைப் பார்த்துவிட்டு வந்தார். கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் போதை ஏறாதாம். விதையில் எண்ணெய் எடுக்கிறார்கள், முட்டி வலிக்குத் தடவினால் கேட்கிறது என்றார். அதைவிட அவரை மயக்கியது அந்தக் கடையின் சுவர். பயிரிட ஒரு லைசன்ஸ், விற்க ஒரு லைசன்ஸ், இரண்டையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்களாம். இவர் பினாங்குத் துறைமுகத்தில் சரக்குக் காகிதம் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவர். காகிதம் சரியாக இருந்தால் எமனையே திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி. மாதிரிக்கு என்று இரண்டு பெட்டி எண்ணெய் கூடவே வந்தது.

வந்த கையோடு இங்கே விற்க அனுமதி கேட்டு மனுப் போட்டார். பயிரிட்டவரின் லைசன்ஸ் நகல், கடையின் வரைபடம், புகைப்படம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை கவுன்டரில் இருந்த பெண் மனுவின் நகலில் சாப், அதாவது முத்திரை, குத்திக் கொடுத்துவிட்டாள். அதைப் பெற்ற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அரசாங்க சாப் விழுந்த காகிதம் எதுவானாலும் எங்கள் வீட்டில் முதலில் சாமி படத்துக்கு முன்னால்தான் போகும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் முதல் கார் ரோடு டேக்ஸ் வரை எல்லாம் சந்தனம், குங்குமம் வாங்கியவைதான். நல்ல நேரம் பார்த்துச் சூடம் காட்டிவிட்டு அன்றைக்கே காரியத்தைத் தொடங்கிவிடுவோம். கடைச் சுவரிலிருந்த சாமித்தட்டில் அந்தக் காகிதத்தை வைத்து, பொட்டு வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அடியில் மலாயில் ஒரு வரி இருந்தது, சாப்பைப் பார்த்த குஷியில் இவர் அதைக் கவனிக்கவில்லை. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே, அனுமதி வரும்வரை விற்கக் கூடாது. படித்தேன். நன்றாகவே படித்தேன். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் தும்மக்கூட மாட்டார்கள், நான் போய் இல்லை, கூடாது என்று அபசகுனமாக வாயைத் திறப்பேனா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சந்தனத்தை வைத்தேன். மறுநாளைக்குள் மூன்று போத்தல் போய்விட்டது. எப்படியும் லைசன்ஸ் வரத்தானே போகிறது என்று என் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் லைசன்ஸ் வரவில்லை, அவர்கள் வந்தார்கள். யார் புகார் கொடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது. கண்ணாடி ஜாடிகள் விழுந்து நொறுங்கின. கடுக்காயும் வசம்பும் தரையெல்லாம் உருண்டன. கஞ்சா எங்கே, கஞ்சா எங்கே என்று மலாயில் ஒரே கத்தல். இவர் மட்டும் சிரித்த முகமாக, "பேப்பர் இருக்கு சார், காட்டுறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, தலைக்கு மேலிருந்த சாமித்தட்டுக்குக் கையை நீட்டினார்.

தேங்காய் உடைக்கிற கத்தியும் அந்தத் தட்டில்தான் இருந்தது. அவர்கள் கண்ணில் பட்டது கத்தி மட்டும்.

ஒருவன் நீட்டிய கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். இன்னொருவன் முகத்தை மேஜையில் மோதினான். மோதியது ஒரு முறை இல்லை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இவர் கத்தவில்லை. "பேப்பர், பேப்பர்" என்றார்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வார். தராசுப் பக்கத்திலிருந்த அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து, கையை முறுக்கியவனின் முகத்தைப் பார்த்து வீசினேன். புருவம் பிளந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு பெண் அதிகாரிகள் என் முடியைப் பிடித்துத் தரையில் சாய்த்தார்கள். உடைந்த ஜாடித் துண்டு கன்னத்தில் ஏறியது. ஒருத்தியின் முட்டி என் முதுகில் இருந்தது. அவள் எழுந்திருக்கும்வரை நான் வசை பாடுவதை நிறுத்தவில்லை.

எங்களைத் தனித்தனியாக அடைத்தார்கள். வக்கீலாக வந்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்தான். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அக்கா, எண்ணெயில டிரக் இருக்குன்னு லேப் சொல்லிட்டா, அண்ணே கடத்தல் கேஸ்ல போயிடுவாரு. தூக்கு இல்லாட்டி ஆயுசுக்கும் ஜெயில். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

திறக்கவில்லை. நான் அன்று அந்த ஒரு வரியை வாசித்துச் சொல்லியிருந்தால் போதும் என்ற நினைப்பு மட்டும் ராத்திரி பகல் என்னைத் தின்றது. சுவரில் தலையை மோதிக்கொண்டேன். பக்கத்துப் பாயில் கிடந்தவள் என்னை அறைந்து உட்கார வைத்தாள்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் விதை எண்ணெய். அனுமதியில்லாமல் விற்றதற்கு அபராதம் கட்டினால் போதும். அழுதுவிட்டேன். வக்கீல் பெண் அழவில்லை.

"ஆனா இன்னும் வெளிய விடல லா அக்கா. அண்ணே எதுத்து நின்னாருன்னு ஒரு கேஸ், நீங்க கல்லெறிஞ்சது ஒரு கேஸ். ரெண்டையும் விட்டுடுறாங்களாம். அண்ணே ஓடும்போது அஞ்சடியில தடுக்கி விழுந்தாருன்னு ஒரு லெட்டர் வேணுமாம். நீங்க பாத்த சாட்சி."

அஞ்சடி என்றால் கடை வாசல் நடைபாதை. அதில் அவர் காலைக்கூட வைக்கவில்லை.

"அவரு கை எப்படி இருக்கு?" என்றேன்.

"வீங்கிக் கறுத்துப் போயிருக்கு. டாக்டர் இன்னும் பாக்கல."

கடிதம் மலாயில் எழுதியிருந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எதிரிலேயே சாப் குத்தினார்கள். இவருக்கும் ஒன்று நீட்டினார்களாம். எனக்காகப் பயந்து அவரும், அவருக்காகப் பயந்து நானும் ஒரே பொய்யில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே வெளியே வந்தோம்.

நரம்பு அறுந்துவிட்டது, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். எப்படி ஆனது என்று கேட்டபோது இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தடுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றார். கடைக்கு வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறார். சொல்லச் சொல்ல விவரமும் கூடிவிட்டது. மழை பெய்திருந்ததாம், செருப்பு தேய்ந்திருந்ததாம்.

வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. மத்தியானத்தில் கடைக் கதவைச் சாத்திவிட்டு நான்தான் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். போன வாரம் தேய்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் கையில புழு வைக்கணும்ங்க" என்றேன்.

"யாரு கையில?"

"உங்க கைய முறிச்சவன் கையில."

இவர் சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "யாரும் முறிக்கல. நான்தான் விழுந்தேன். நீதான் பாத்தியே?"

தைலம் வழிகிற கையோடு நின்றேன். யாரையாவது அடித்துக் கொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடைக்குள் எனக்கு முன்னால் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.