படத்தின் மேல் வைத்த கை

பத்மாவதி டீச்சர் காலமாகிவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பள்ளி வேன் டிரைவர் வாட்ஸ்அப்பில் போட்டபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கே மாலை போட்டுப் படம் அனுப்புகிற காலம் இது. எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரருக்கும் ஒரு முறை இப்படித்தான் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். மனிதர் மறுநாள் வந்து சர்க்கரை எடை போட்டுக்கொண்டிருந்தார். அதனால் டிரைவரைக் கூப்பிட்டு, "யாரு சொன்னது? நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன்.

"நான் அவங்க வூட்டு வாசல்லதான் நிக்கிறேன் மிஸ். காலைல எழுந்து தண்ணி கேட்டாங்களாம். எடுத்தாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. நெஞ்சு வலி" என்றார்.

அப்புறமும் விடாமல் டீச்சருடைய எண்ணுக்கே அடித்துப் பார்த்தேன். அவர் மகன் எடுத்தான். "ஆன்ட்டி" என்றான், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். அப்போதுதான் நானும் உட்கார்ந்து அழுதேன்.

இப்படிச் சந்தேகப்பட்டதற்காக டீச்சர் என்மேல் வருத்தப்பட மாட்டார். சந்தேகம் என்று வந்துவிட்டால் அவர் எனக்கே அக்கா. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, எங்கள் பழக்கமே அப்படித்தான் தொடங்கியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் முனையில் பஸ் நிறுத்தம், அதை ஒட்டினாற்போல அரசுத் தொடக்கப்பள்ளி. டீச்சர் அங்கே தலைமை ஆசிரியர். அவருக்கு வீடு செஞ்சியில், வேலை எங்கள் ஊரில். எனக்கு வீடு எங்கள் ஊரில், வேலை செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில். காலையில் அவர் பஸ்ஸில் வந்து இறங்குகிற நேரத்தில் நான் ஊர்ப் பிள்ளைகளோடு வேனுக்காக நின்றுகொண்டிருப்பேன். அவர் பிள்ளைகள் அவரை 'டீச்சர்' என்பார்கள், என் பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே எந்த வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்லிவிடலாம்.

அவர் மாறுதலில் வந்த புதிதில் ஒரு நாள், வேனுக்கு நின்ற ஒரு குழந்தையின் பையிலிருந்து இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, "படி கண்ணு" என்றார். அது கடகடவென்று படித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் மெதுவாகத் தன் உள்ளங்கையைப் பக்கத்தில் இருந்த முயல் படத்தின் மேல் வைத்து மறைத்து, "இப்ப படி" என்றார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, வாயே திறக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "எங்க புள்ளைங்கள நீங்க இன்னாத்துக்கு டெஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"என் புள்ளைங்களயும் இப்படித்தாம்மா பண்றேன். படத்தப் பாத்து ஒப்பிக்குதா, எழுத்தப் பாத்துப் படிக்குதான்னு தெரியணும் இல்ல? நான் யாரையும் நம்பறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். ஏனென்றால் அவருக்குப் பிள்ளைகள் தேவையாக இருந்தார்கள். வருஷா வருஷம் பள்ளியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இன்னும் குறைந்தால் பள்ளியைப் பூட்டி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. வேனுக்குக் கொடுக்க வழியில்லாத வீட்டுச் சின்னஞ்சிறுசுகள் லாரி பறக்கிற அந்த ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். டீச்சருக்கு அந்த நினைப்பே நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

இரண்டு பள்ளியையும் தெரிந்தவள் என்பதால் நான் ஒன்று சொல்வேன். அவர் பள்ளியில் காலையில் டிபன், மதியம் சாப்பாடு, முட்டை, காசில்லாமல் புத்தகம் எல்லாம் உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். அதிலும் ஒருவர் பாதி நேரம் செல்போனில் மேலிடத்துக்கு விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார், நெட்வொர்க் கிடைக்காமல் வேப்ப மரத்தடிக்கு ஓடுவார். எங்கள் பள்ளியில் டை, ஷூ, பெல்ட், டைரி, ஆண்டு விழா. வகுப்புக்கு ஒரு மிஸ் உண்டு, ஆனால் அந்த மிஸ் அடுத்த ஜூனில் இருப்பாரா என்பது அந்த மிஸ்ஸுக்கே தெரியாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளை இங்கிலீஷில் நாலு வரி ஒப்பிக்க வேண்டும், பெற்றவர்கள் எங்களிடம் கேட்பது அதைத்தான்.

பேச்சு முற்றி ஒரு கிராம சபைக் கூட்டத்தில் வெடித்தது. டீச்சர் எழுந்து, "இந்த வருஷம் நாலு புள்ளைங்களாவது சேத்து வுடுங்க. பள்ளிக்கூடம் மூடிட்டா அப்புறம் தெறக்க மாட்டாங்க" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

லோடு வண்டி ஓட்டுகிற ஏழுமலை எழுந்தார். அவர் மகள் தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு, என் வகுப்புதான். "டீச்சர், உங்க புள்ளய எங்க படிக்க வெச்சீங்க? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். "பிரைவேட்லதான் படிச்சான். எங்க வூட்டுக்காரர் சேத்தாரு, நான் தடுக்கல. தடுத்திருக்கணும்" என்றார்.

ஏழுமலை விடவில்லை. "சரி, உங்க பள்ளிக்கூடத்து ரெண்டாங்கிளாஸ் புள்ள ஒண்ணு படிக்கட்டும், என் பொண்ணும் படிக்கட்டும். ஊரே பாக்கட்டும்" என்றார். டீச்சருடைய மாணவன் ஒருவன் வந்து தமிழ்ப் பாடத்தைத் திறந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, வியர்த்து விறுவிறுத்து ஒரு வரியை முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு தர்ஷினி வந்தாள். கழுத்தில் டை, கையில் இங்கிலீஷ் புத்தகம். அருவி கொட்டுகிற மாதிரி கொட்டினாள்.

அப்போது காற்று ஒன்று அடித்துப் பக்கம் புரண்டுவிட்டது. முயல் போய் ரயில் வந்தது. தர்ஷினி ரயில் படத்தைப் பார்த்துக்கொண்டே முயல் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றவர் கவனிக்கவில்லை, ஊர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். டீச்சரும் கவனித்துவிட்டார் என்பது அவர் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். உள்ளங்கையை ஒரு தரம் அந்தப் படத்தின் மேல் வைத்தால் போதும், அடுத்த நாளே நாலு பிள்ளைகள் என்ன, பத்துப் பிள்ளைகள் அவர் பள்ளிக்கு வந்திருப்பார்கள். டீச்சர் தர்ஷினியின் அருகில் போனார். புரண்ட பக்கத்தைத் திருப்பி முயலிடம் கொண்டுவந்து, காற்றில் பறக்காமல் விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முடித்ததும் முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். கையில் கிடைத்த ஆயுதத்தை ஒருவர் கீழே வைக்கிறார் என்றால், அதைவிடப் பெரியதாக ஏதோ வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அந்த ஜூனில் அவர் பள்ளியிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் எங்கள் வேனுக்கு மாறினார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் சந்தேகம் இன்னும் கூடியது.

அதே சமயத்தில் ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பிற்று. டீச்சர் இப்போதெல்லாம் இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறாராம், நாலு மணிக்கு மணி அடித்தும் கிளம்பாமல், இருட்டுகிற நேரத்துப் பஸ்ஸில்தான் போகிறாராம். "ஒரு டப்பா சோத்துக்கு. இன்னொரு டப்பா இன்னாத்துக்கு? சத்துணவு முட்டை தூக்கறதுக்குத்தான்" என்றார்கள். டீச்சர் ஜைனக் குடும்பத்துப் பெண், முட்டையைக் கையால்கூடத் தொட மாட்டார். ஊர் அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். முட்டையாக இருக்காது, பருப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளி வேலை நீண்டுபோய் வேனைத் தவறவிட்டு நான் பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது வெயில் தணிந்திருந்தது. பள்ளித் தாழ்வாரத்தில் டீச்சர் உட்கார்ந்து இரண்டாவது டப்பாவைத் திறந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லி. பக்கத்தில் எங்கள் பள்ளிச் சீருடையில் தர்ஷினி. மடியில் முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். இடது கையால் படத்தை மூடிக்கொண்டு, "ப... ட்... டம்... பட்டம்" என்று கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்டணும்மா தேவி. வூட்டுக்குப் போய்ச் சேர இருட்டிடுது. அதான் ராத்திரிச் சாப்பாட்டயும் இங்கியே கட்டியாந்துடறேன்" என்றார். அவர் வீட்டு வழக்கம் அது. சூரியன் மறைந்த பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படாது. வேன் தர்ஷினியை இறக்கிவிடும் நேரத்துக்கும், அவள் அம்மா செல்வி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற கடலைக் கழனியிலிருந்து திரும்பும் நேரத்துக்கும் நடுவில்தான் இந்தப் படிப்பு நடந்துகொண்டிருந்தது. தினமும் நான் வேனிலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகுதான் அவள் பள்ளிக்குள் நுழைந்திருக்கிறாள். செல்விக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போய்விட்டு அவர் வீடு வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

நான் நேராகவே கேட்டேன். "இவள உங்க பள்ளிக்கூடத்துக்கு இழுக்கத்தானே டீச்சர் இதெல்லாம்?"

"இழுக்கணும்னா அன்னிக்கே படத்து மேல கைய வெச்சிருப்பேன்."

"ஏன் வெக்கல?"

"ஊரே பாத்துக்கினு இருந்துது. பச்சப் புள்ள. அன்னிக்கு மானம் போயிருந்தா அது ஜென்மத்துக்கும் புத்தகத்தத் தொட்டிருக்காது" என்றார். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே, "ஏழுமலைகிட்ட சொல்லிடாத. ஃபீஸு கட்டியும் புள்ளைக்குப் படிக்க வரலன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் ஒடஞ்சிபோவாரு. அப்புறம் இதையும் நிறுத்திடுவாரு" என்றார்.

நான் சொல்லவில்லை. பார்த்ததை ஊருக்குச் சொன்னால் முட்டைப் பேச்சு அன்றோடு நின்றிருக்கும். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. "பேசிட்டுப் போறாங்க வுடும்மா" என்றார். திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டே அதற்கப்புறமும் அவர் இரண்டு டப்பாவோடு வந்து இறங்கினார்.

ஞாயிறு மாலையே செஞ்சியில் தகனம் முடிந்தது. ஊரில் பாதிப் பேர் போயிருந்தார்கள். முட்டைக் கதை கட்டியவர்கள்தான் உரக்க அழுதார்கள். அதையும் நான் நம்பவில்லை.

திங்கள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பள்ளிச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டீச்சர் படத்தில் அதே சிரிப்பு. இந்த முறை எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. அன்று லோடு இல்லாததால் தர்ஷினியை வேனேற்றிவிட ஏழுமலையே வந்திருந்தார்.

தர்ஷினி சுவரருகே போனாள். இப்போது நான்காம் வகுப்பு, எட்டி வைத்தால் கை எட்டுகிறது. டீச்சருடைய முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, கீழே இருந்த வரிகளை உரக்கப் படித்தாள். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல், அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தாள்.

ஏழுமலை பதறிப்போனார். "ஏய், செத்தவங்க மூஞ்சி மேல ஏன்டி கைய வெக்கற? எடு!"

"மூடிக்கினாதான் நைனா நெஜமா படிக்கிறனான்னு தெரியும். டீச்சர் சொன்னாங்க."

"டீச்சரா? உனக்கு மிஸ்தானே? எந்த டீச்சரு?"

தர்ஷினி சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

ஏழுமலை அந்தப் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. மற்ற பிள்ளைகளோடு நான் ஏறிக்கொண்டேன். ஏழுமலை ஏறவிடவில்லை. "நீ போப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பூட்டியிருந்த பள்ளிக் கேட்டைத் திறக்க அப்போதுதான் இன்னொரு டீச்சர் சாவியோடு வந்துகொண்டிருந்தார். அவரிடம், "இந்த வருஷம் நடுவுல சேத்துக்குவீங்களா?" என்று ஏழுமலை கேட்டது வேன் ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

டீச்சர், என் வகுப்புக்காரியாக இருந்த ஒரு பிள்ளையை எங்கள் வேனிலிருந்து இறக்கிவிட்டீர்கள். பின்னாலேயே இன்னும் எத்தனை பேர் இறங்குவார்களோ தெரியாது. அன்றைக்குக் கூட்டத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டு வாய் மூடி நின்றது இதற்காகத்தானோ என்று எனக்கு இப்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் டீச்சர், போய் வாருங்கள்.