பஸ்ஸில் நடந்த தொண்டை விசாரணை

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு நர்ஸ். தொழிற்சாலை ஆட்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாளாம். சிதம்பரத்தில் இன்று செய்முறைத் தேர்வு.

"நோயக் கேக்கறதுக்கு முன்னாடி வேலயக் கேக்கணும் மேடம். உங்களக் கேட்டுப் பழகிக்கட்டா?"

"கேளும்மா. நான் ரிட்டயர்டு டீச்சர்."

நின்றே பாடம் நடத்தினீர்களா, சாக்பீஸ் தூசியில் இருமினீர்களா என்று விசாரித்து, தொண்டைக்கு வந்தாள்.

"அப்பல்லாம் சாயங்காலம் கம்மும். இப்ப காலையிலயே கம்முது."

"வேலய வுட்டா சரியாவணுமே டீச்சர்! இப்ப ஒரு நாளைக்கி எவ்ளோ நேரம் பேசுவீங்க?"

வீட்டில் நான் மட்டும்தான். இன்று அவளிடம் பேசுவதற்கு முன் கண்டக்டரிடம் மட்டும் "சிதம்பரம் ஒண்ணு" என்றிருந்தேன். நேற்று யாரிடமும் பேசியதாக நினைவில்லை. மாதக்கணக்கில் போடாத மோட்டாரைப் போட்டால் முதலில் வெறுமனே இரையுமே, அப்படித்தான் என் குரல் வந்தது.

"பேசுவேம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "மில்லு ஆளுங்களும் இப்பிடித்தான். எதக் கேட்டாலும் நல்லாருக்கேம்பாங்க. டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க. தெனம் யார்கிட்டயாவது சத்தமா பேசுங்க டீச்சர்."

சிதம்பரத்தில் தேர்வுக்கு ஓடிவிட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

என் பழைய மாணவர்களே, இந்தப் பதிவின் கீழே "அருமை டீச்சர்" என்று எழுத வேண்டாம். போன் போடுங்கள். வகுப்பில் பேசக்கூடாது என்று உங்களை அதட்டியதையெல்லாம் இன்றோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.