ரிவர்ஸ் போடாத மிக்கேல்ராஜ்

கல்யாணப் பெண் ஏறிய கார் பின்னால் போகக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். போனால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாளாம். மற்ற டிரைவர்கள் இதைக் கோயில் வாசலோடு மறந்துவிடுவார்கள். மிக்கேல்ராஜ் அண்ணன் மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். பெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய வெள்ளை அம்பாசடர் பின்னால் நகராது. முட்டுச்சந்து என்றால் முனையிலேயே நிறுத்திவிடுவார். வழி தவறினால் பக்கத்து ஊரான தாடிக்கொம்பு வரை போய்ச் சுற்றி வருவார். வீட்டை ஒட்டிய பொட்டலில் ஒரு வட்டம் அடித்து, மூக்கு ரோட்டைப் பார்க்கத்தான் வண்டியை விடுவார். கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தக் கிறுக்குக்காகவே பெண் வீட்டார் அவரைத் தேடி வந்தார்கள்.

வயது அறுபத்துமூன்று. மனைவி அமலராணி இறந்துவிட்டார், மகள் ஐரின் ஓசூரில். கல்யாண நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, பானெட்டில் பூ கட்டி, கதவைத் திறந்து பெண்ணை ஏற்றும்போது அவர் ஒரு மனிதர். மற்ற நாளில் அவரை யாருக்கும் தேவையில்லை. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் நசீம் பானு. பேகம்பூரில் கார்களுக்கு ஒயரிங் பார்க்கிறேன். கணவர் விட்டுப்போன கடை. பானுவுக்கு வாய் நீளம் என்பார்கள். வேலை அதைவிடச் சுத்தம் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கிய வாரம், அண்ணன் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். பிரேக், ஹாரன் எல்லாம் தேறின. புகைகூட எப்படியோ தப்பித்தது. ரிவர்ஸ் லைட் எரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் இதே சோதனையில் எரிந்த விளக்குதான். அதற்குப் பிறகு அந்தக் கியரையே தொடாதவருக்கு, அது செத்துப்போனது எப்படித் தெரியும்? பத்து நாள் கெடு கொடுத்தார்கள். அதற்குள் எரியாவிட்டால் பதிவு கிடையாது, வண்டி பழைய இரும்புக்குத்தான்.

நான் பார்த்தேன். பல்பு நன்றாக இருந்தது, பியூஸும் ஒயரும்கூட. கியர் பாக்ஸில் இருக்கும் ஸ்விட்ச்தான் அமுங்காமலே கிடந்து துருப்பிடித்து இறுகிவிட்டது. ரிவர்ஸ் கியர் விழுந்து இந்த ஸ்விட்சை அமுக்கினால்தான் விளக்கு எரியும். மதுரையில் சொல்லிவைத்தால் ஒரு வாரத்தில் வேறு கிடைக்கும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. டேஷ்போர்டுக்குக் கீழே, கையால் போடும் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தி நேராக விளக்குக்கு ஒயர் இழுத்தேன்.

"இது சரியா வருமா தங்கச்சி? மதுர சாமான் வரட்டுமே" என்றார்.

"லைட்டு எரியணும், அம்புட்டுதானண்ணே. எவன் உள்ள குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றேன்.

அவர் நம்பினார். கியரைப் போட்டதும் ஸ்விட்சைப் போடு, கியரை எடுத்ததும் ஸ்விட்சை அணை. நின்ற வண்டியில் உட்கார்ந்தபடி நாலைந்து நாள் பழகினார்.

பத்தாவது நாள் நானும் கூடப் போனேன். அதிகாரி வண்டிக்குப் பின்னால் நின்று, பத்தடி பின்னால் வரச் சொன்னார். அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. உதடு ஜெபம் சொன்னது. கியரைப் போட்டு ஸ்விட்சையும் போட்டார். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிய, வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது. நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். ஓரமாக நிறுத்திவிட்டுக் கையெழுத்துக்கு வரச் சொன்னார் அதிகாரி. பிழைத்தோம் என்று அண்ணன் முதல் கியரைப் போட்டு ஒரே வேகமாக முன்னால் போனார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. வண்டி முன்னால் போகிறது, பின்னால் ரிவர்ஸ் லைட் இரண்டும் எரிந்துகொண்டே போகின்றன.

அதிகாரி வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே குனிந்து பார்த்தார். கத்தவில்லை. விளக்கு கியரோடு சேர்ந்து எரிய வேண்டும், இது கண்ணைக் கட்டும் வேலை என்று எழுதி முடித்துவிட்டார். கெடுவும் அன்றோடு முடிந்தது. புதிதாக மனுப் போடலாம்தான். ஆனால் புகையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். அந்தக் கிழட்டு டீசல் எஞ்சின் இரண்டாம் தடவை தேறாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் மனுப் போடவில்லை.

திரும்பும் வழியில் நான் என்னென்னவோ பேசினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அடுத்த வாரக் கல்யாண வீட்டுக்குப் போன் செய்து, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர்களும் சரி என்று உடனே வைத்துவிட்டார்கள். அதுதான் அவரை அடித்தது. கொஞ்சம் வருத்தப்படுவார்கள் என்று நினைத்திருந்தார், பாவம்.

மறுநாள் நான் கடையைப் பூட்டினேன். மதுரைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி அந்த ஸ்விட்சை வாங்கி வந்தேன். பொட்டலில் நின்ற வண்டிக்கு அடியில் படுத்து, முறைப்படி மாட்டினேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அண்ணனை உட்காரச் சொல்லி ரிவர்ஸ் போடச் சொன்னேன். விளக்கு எரிந்தது. கியரை எடுத்தார், அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி எரிந்தது.

இறங்கி வந்து, அந்த வெளிச்சத்தைச் செத்த நேரம் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா வேல" என்றார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே, தங்கச்சி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.