கூரையுள்ள ஓடுதளம்

2011ஆம் ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். எண்ணூறு மீற்றர் ஓடுபவள். மெல்பேர்ணில் அது திறந்த வெளியில் இரண்டு சுற்று. ஒரு பக்கம் காற்று முகத்தில் அடிக்கும், மறுபக்கம் முதுகைத் தள்ளும். அமெரிக்கக் கல்லூரிகளில் பனிக்காலம் முழுவதும் கூரைக்குக் கீழே ஓடுகிறார்கள். தளம் இருநூறு மீற்றர்தான், ஆகவே நான்கு சுற்று. வளைவுகள் கிண்ணத்தின் விளிம்புபோல உள்நோக்கிச் சரிந்திருக்கும். அப்படி ஒரு தளத்தை நான் நேரில் கண்டதில்லை.

அங்கே இரண்டு கல்லூரிகள் தங்கள் அணிக்கு என்னைக் கேட்டிருந்தன. தெற்கே இருந்ததில் வெயில் அதிகம், உள்ளரங்கு இல்லை. பாதிப் புலமைப்பரிசில் தருவதாக எழுதியிருந்தார்கள். வடக்கே இருந்ததில் உள்ளரங்கு இருந்தது, முழுப் புலமைப்பரிசிலும் இருந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு காணொளி அனுப்பினார். பெண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ கதவைத் திறக்கிறார்கள். வெளியே இடுப்பளவு பனி. அழைப்பில் அவர் என்னிடம், "முதல் பனிக்காலத்தில் நீ கடைசியாகத்தான் வருவாய்" என்றார். அப்படிச் சொன்னவரை நான் நம்பினேன்.

அப்பா தொழிற்சாலையொன்றில் பொறியியலாளர். ஒரு ஞாயிறு காலை, கடைத்தொகுதி திறக்குமுன், அதன் வாகனத் தரிப்பிடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். மேல்மாடிக்கு வளைந்தேறும் பாதையின் சரிவை மட்டப்பலகை வைத்து அளந்தார்.

"இதுதான் உன்ர இன்டோர் டிராக். செக்யூரிட்டி வந்தா நீ ஓடு, நான் நிண்டு கதைக்கிறன்."

அம்மா போட்டது ஒரே நிபந்தனை. "விசா கையில வருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. மெல்பேர்ணின் மேற்கே வெரிபீயில் வீடு வாங்கியதைக் குடிவந்த பிறகுதான் சொந்தக்காரருக்குச் சொன்னோம். அப்பாவின் வேலை மாற்றத்தை முதல் சம்பளம் வந்த பிறகு சொன்னோம். இன்னும் முடிவாகாத காரியத்தை வெளியே விட்டால் நாவூறு, கண்ணூறு படும் என்பது அம்மாவின் கணக்கு. நகரின் மறுகோடியில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போவோம். போகும் வழியெல்லாம், யார் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குப் பாடம் நடக்கும். கேட்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அம்மாவைவிட மூத்த ஒரு பெண்மணி.

"பிள்ளை இன்னும் ஓடுறாளே? மாப்பிளை பாக்கேக்க அவனும் ஓடக்கூடிய ஆளோ எண்டு பாருங்கோ. இல்லாட்டிப் பிடிக்கேலாது."

அம்மா சிரித்தார். "சோதினை முடியட்டும் அக்கா. இங்கதான் பிசியோ படிக்கப் போறாள்."

அந்தப் பெண்மணியின் கடைசி மகளும் நான் பயிலும் பயிற்சியாளரிடம்தான் ஓடினாள். ஆகவே பயிற்சியாளருக்கும் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. பயிற்சியாளர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, அறுபது கடந்த ஆஸ்திரேலியப் பெண். பதினொரு வயதிலிருந்து எனக்கு நேரம் பிடித்தவர். செப்டம்பரில் ஒருநாள், அடுத்த ஆண்டு என்ன திட்டம் என்று கேட்டார். மெல்பேர்ணிலேயே பிசியோதெரபி, முடிவாகிவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

ஒக்டோபர் கடைசியில் வடக்குக் கல்லூரியைத் தெரிவு செய்தேன். தெற்குக் கல்லூரிக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நிரப்பும்படி வடக்கிலிருந்து வந்த படிவத்தில் இப்போதைய பயிற்சியாளரின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருந்தார்கள். அம்மாவிடம் காட்டினேன்.

"நம்பர்தானே. எழுது," என்றார்.

எண்ணைக் கொடுப்பது செய்தியைச் சொல்வதாகாது என்று இருவருமே நினைத்தோம். அந்த எண்ணை ஒருவர் அழைக்கக்கூடும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாலை வடக்குக் கல்லூரிப் பயிற்சியாளரின் மின்னஞ்சல் வந்தது. நான்கு வரிகள். உன் பயிற்சியாளருடன் பேசினேன். நீ மெல்பேர்ணில் படிக்க முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். உன் முடிவை மதிக்கிறேன். அந்த இடத்தை இன்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். இடம் போய்விட்டது என்றேன்.

"ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"வடிவா யோசி. ஆரோ கண் வைச்சிட்டினம்."

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதாலதான் போனது."

மின்னஞ்சலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அப்ப அந்தக் கோச் மனுசி பொய் சொல்லேல்லை."

"இல்லை. நான் அவவுக்குச் சொன்னதைத்தான் சொன்னவ."

மறுநாள் அம்மா முதியோர் இல்லத்து வேலை உடுப்போடே மைதானத்துக்கு வந்தார். ஏழு ஆண்டுகளில் அவர் மைதானத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. புல்லைக் கடந்து நேரே பயிற்சியாளரிடம் போய், மறைக்கச் சொன்னது தான்தான், பிள்ளையில் பிழையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். வரும் வழியில் அந்த வசனங்களை மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை பயிற்சியாளர் தன் காரிலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்தார். நான் பக்கத்து இருக்கையில். எனக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும். இல்லை, அவள் வர விரும்புகிறாள். எனக்குத் தெரியாது. இல்லை, யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தைப் பெற்ற மற்றப் பெண், எனக்கு மின்னஞ்சல் வந்த அன்றைக்கே கையெழுத்திட்டிருந்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே வெறும் மைதானத்தைப் பார்த்தார். "நீ சொல்லியிருந்தால் உனக்காக இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருப்பேன்" என்றார். தெற்குக் கல்லூரிக்குத் திரும்ப எழுதினேன். தங்கள் அணி நிரம்பிவிட்டது என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மெல்பேர்ண் பல்கலைக்கழகமொன்றில் பதிவு செய்யப் போனேன். அம்மா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். நான் கையெழுத்திட்டு முடிக்கும்வரை போனைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கும் தன் தங்கையை முதலில் அழைத்தார்.

"ஓம், பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது. பிசியோ. இல்லையடி, முதல் அமெரிக்காவில இடம் வந்தது, நான்தான் ஆருக்கும் சொல்ல விடேல்லை. ஓம், நான்தான்."

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது. அந்த அழைப்பு முடிந்ததும் அடுத்த எண்ணைத் தேடினார். வெரிபீ வரும்வரை ஒவ்வொருவருக்கும் அதையே, ஒரு சொல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தார்.