இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

என் நண்பன் வாழ்நாளில் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. மும்பையை ஒட்டிய ஐரோலியில் அமெரிக்கக் கம்பெனிகளுக்காக உழைக்கும் ஆபீஸ் ஒன்றில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியதில் அந்தப் பைத்தியம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆனதும் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியின் மூடியில் மைதானம் வரைந்தான். சட்டைப் பட்டன்கள்தான் ஆட்டக்காரர்கள். ஆளுக்கு ஒரு கார்டு, உருட்ட இரண்டு டைஸ். ஆட்டம் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்க ஒரு பலியாடு வேண்டுமே. ஸ்கூல் நாளிலிருந்து கூடவே இருக்கும் என்னைப் பிடித்தான்.

ஞாயிறு மத்தியானம் மாதுங்காவில் அவன் வீட்டுக்குப் போவேன். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.

ஆட்டம் சுலபம்தான். பந்தை அடித்தவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூலைகளில் இருக்கும் பேஸ்களைத் தொட்டுச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டால் ஒரு ரன். வழியில் மாட்டினால் அவுட். கார்டுகளில் எங்கள் ஸ்கூல் கூட்டாளிகளையே போட்டிருந்தான். ஒவ்வொரு கார்டிலும் ஓட்டத்துக்கு ஓர் எண், அது பெரிதானால் டைஸில் தப்புவது சுலபம்; எனக்கு ஆறு, அதுதான் உச்சம்.

“தாதர்ல ஓடற லோக்கல்ல தாவி ஏறினவனாச்சே நீ,” என்றான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடும்போது ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை அவுட் ஆனால், அடுத்த வாரத்துக்கு ஓட்டத்தில் ஒன்று குறையும். அது அவன் வைத்த விதி. குறைந்ததென்னவோ என் கார்டில் மட்டும்தான். ஆறு ஐந்தாயிற்று, ஐந்து நான்காயிற்று. என் பட்டன் இரண்டாவது பேஸ்வரை ஜோராகப் போகும். மூன்றாவதுக்குக் கிளம்பினால் டைஸ் கவிழ்த்துவிடும்.

“ஏதோ தில்லுமுல்லு பண்றேடா.”

“அரே, உருட்டறது நீதானே!”

வாஸ்தவம்தான். அடுத்த வாரம் கடையில் புது டைஸ் வாங்கிப் போனேன். அதுவும் அதே இடத்தில் கவிழ்த்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரங்களில் அவன் வீட்டுப் படி ஏறும்போது, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நான் நின்றுவிடுவேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது தோளில் ஏறும் வலி அடங்கும்வரை நிற்பேன். வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டுதான் பெல் அடிப்பேன்.

ஒரு ஞாயிறு, ஓட்டத்தில் மூன்று என்று எழுதினான். அட்டையைத் தட்டிவிட்டேன். பட்டன்கள் கட்டிலுக்கடியில் ஓடின.

“உன் ஆட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!”

கத்திவிட்டு வந்தேனே தவிர, அடுத்த ஞாயிறு கால் தானாக அங்கேதான் போயிற்று. அதே இடத்தில் நின்றேன். இந்த முறை வலி அடங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடக் குரல் வரவில்லை. மேலே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது.

“எழுந்திருக்காதே. டாக்ஸி கீழதான் இருக்கு.”

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் அவனைக் கேட்டேன்: “நான் படியில உட்கார்ந்த சத்தம் கேட்டுதா?”

“கதவு சாத்தியிருந்தது, ஒண்ணும் கேக்கலை.” கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான். “காத்தால தனியா ஆடிப் பார்த்தேன். உன் கார்டை மட்டும் பதினோரு தடவை உருட்டினேன். பதினோரு தடவையும் நீ அங்கேயேதான் அவுட். பயந்துபோயிட்டேண்டா. உங்காத்துக்கு வரத்தான் டாக்ஸியைக் கூப்பிட்டேன்.”

இப்போது செம்பூரில் என் வீட்டில் ஆடுகிறோம், தரைத்தளம். என் கார்டு மட்டும் பெட்டியில் இருக்காது. தொலைந்துவிட்டது என்பான். போன ஞாயிறு திட்டியும் கெஞ்சியும் பார்த்த பிறகு, சட்டைப்பையிலிருந்து எடுத்தான். ஓட்டத்துக்கு எதிரே இருந்த எண்ணை அழித்திருந்தான்.

நானே ஒரு பட்டனை எடுத்து இரண்டாவது பேஸில் வைத்தேன். உருட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. டைஸை அவன் கையில் கொடுத்தேன்.

“வேண்டாண்டா,” என்றான். கண் கலங்கியிருந்தது.

“எனக்குத் தெரியணும். உருட்டு.”

மூடிய கையை அட்டைக்கு மேலே கொண்டுவந்தான். காப்பி ஆறும்வரை காத்திருந்தேன். அவன் விரலைப் பிரிக்கவேயில்லை.